பழைய வீட்டின் மேல் ஓர் அறை: செங்கலா, ஏஏசி பிளாக்கா?

மாடியில் ஓர் அறை எடுப்பது என்று முடிவானதும் பேச்சு டைல்ஸுக்கும் ஜன்னலுக்கும் போய்விடும். சுவருக்கு என்ன கல் என்பதைக் கொத்தனார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். ஆனால் முப்பது வருடத்துக்கு முன் கட்டிய, தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் வீடு என்றால் முதலில் பேச வேண்டியது அந்தக் கல்லைப் பற்றித்தான். நாங்கள் ஏஏசி பிளாக்கில், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கல்லில் கட்டினோம், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

செங்கல் எங்கும் கிடைக்கும், எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை, ஆணி அடித்தால் பிடிக்கும். ஏஏசியில் சுவர் சீக்கிரம் எழும்பும், ரம்பத்தால் அறுக்கலாம், வயரிங்குக்குக் காடி எடுப்பது சுலபம். இதெல்லாம் சரி.

எங்களை முடிவெடுக்க வைத்தது எடை. 10 அடி நீளம், 10 அடி உயரத்துக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் கலவையோடு ஏறக்குறைய 4 டன். நாலு பக்கமும் சேர்த்தால் 16 டன். கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 13, 14 டன் நிற்கும். அதே சுவரை 8 அங்குல ஏஏசியில் கட்டினால் பக்கத்துக்கு ஒன்றேகால் டன், மொத்தம் 5 டன்னுக்குள் முடியும். பிளாக்குக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதுதான் காரணம். அனல்மின் நிலையச் சாம்பல், சிமெண்ட், சுண்ணாம்புக் கலவையில் அலுமினியத் தூளைப் போட்டுப் பொங்க வைத்து, நீராவி அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். அதனால் கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டித்தான் எடை, செங்கல் சுவரில் மூன்றில் ஒரு பங்கு.

மேல்தளம்தான் பெரிய பாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த அறைக்கு 5 அங்குலக் காங்கிரீட் தளம் போட்டால் 3 டன்தான் வரும். செங்கலில் கட்டினால் சுவர்தான் பழைய அஸ்திவாரத்தை அழுத்துகிறது. பாரத்தைக் குறைக்க நாலரை அங்குலச் செங்கல் சுவர் போடலாம் என்றார் மேஸ்திரி. எடை பாதியாகும், உண்மைதான். ஆனால் அவ்வளவு மெல்லிய சுவரின் மேல் தளத்தை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெயிலும் நேராக உள்ளே இறங்கும்.

எடை குறைந்தது என்பதற்காகச் சுவரை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. கீழ்ச்சுவருக்கு நேர் மேலேயே வர வேண்டும், இல்லையென்றால் அடியில் பீம் வேண்டும். வீட்டோரம் ஒரு குழி தோண்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பொறியாளரைப் பார்க்க வைத்த பிறகுதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு, ஜன்னலுக்கு நேர் மேலே, சுற்றிலும் காங்கிரீட் பட்டை போடச் சொன்னார், போட்டோம். பின்னாளில் இன்னொரு மாடியும் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஏஏசி சுவரை நம்பக் கூடாது. தூண் எழுப்பித்தான் போக வேண்டும்.

ஏஏசியில் கெடுவது பெரும்பாலும் கை வேலையில்தான். முதல் வரிசைக்கு மட்டும் சிமெண்ட் கலவை. அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பிளாக் பசை. பழக்கமில்லாத கொத்தனார் எல்லா வரிசைக்கும் அரை அங்குலக் கலவையை அள்ளி வைப்பார். பிளாக் அதன் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டு பலவீனமாகும். காங்கிரீட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் கம்பிவலை பதித்துப் பூசாவிட்டால் கோடு கோடாக விரிசல் வரும். வேலைக்கு ஆள் பேசும்போதே இதற்கு முன் ஏஏசி கட்டிய வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம், கீசர், அலமாரி மாதிரி கனமானதை மாட்டச் சுவருக்குள் பதிக்கும் நீளமான பிளக், ஸ்க்ரூ தேவைப்படும்.

விலையில் பெரிய லாபம் இல்லை. ஓர் அறைக்குச் சுமார் 300 பிளாக் போதும். முழு லாரி ஆகாததால் வண்டி வாடகை கூடுதலாக விழும், இறக்கும்போது சிலது உடையும். சுவர் இன்னும் அதிக மழைக்காலம் பார்க்கவில்லை, அதனால் வெளிப்பூச்சு எத்தனை வருடம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதுவரை ஈரம் இறங்கவில்லை.

தரையிலேயே, தனி அஸ்திவாரத்தில் ஒரு குளியலறையையோ சமையலறையையோ நீட்டுவதானால் நான் செங்கலைத்தான் எடுப்பேன். அங்கே எடை பிரச்சினையில்லை, தண்ணீர்தான் பிரச்சினை.