பயனர் எழுதும் நிரலை ஓட்ட: ரோஸ்லினா, லுவாவா, வெப்அசெம்பிளியா?

மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தில் எழுதிய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பயனர் எழுதிக் கொடுக்கும் தள்ளுபடி விதியைக் கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) இயக்க வேண்டும். பலர் முதலில் வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அந்த நிரலை எழுதப்போவது யார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எழுதுபவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவர் என்றால், சி ஷார்ப் மொழியின் கம்பைலரான ரோஸ்லினுக்கு நிகரில்லை. மைக்ரோசாஃப்ட் 2014இல் திறமூலமாக்கிய இந்தக் கம்பைலர், சி ஷார்ப் வரிகளை வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே அசெம்பிளியாக, அதாவது இயக்கத் தயாரான டாட் நெட் தொகுப்பாக, மாற்றித் தருகிறது. பிழை எந்த வரியில், எந்த இடத்தில் என்றும் காட்டுகிறது. ஓடும் வேகமும் உங்கள் சொந்த நிரலின் வேகமே.

சிக்கல் அதற்குப் பிறகுதான். நினைவகத்தில் ஏறிய அசெம்பிளி தானாக இறங்காது. டாட் நெட்டின் பிந்தைய வடிவமான டாட் நெட் கோர் 3.0 முதல் தனிச் சூழலில் ஏற்றி இறக்கலாம். ஆனால் அதற்குள் உருவான ஒரே ஒரு பொருளை வெளியே ஏதாவது ஒரு மாறி பிடித்துக்கொண்டிருந்தாலும் நினைவகம் விடுபடாது. இதைவிடப் பெரிய ஆபத்து, காவலே இல்லாதது. உங்கள் மென்பொருளுக்கு உள்ள அத்தனை உரிமையும் அந்த நிரலுக்கும் உண்டு. கோப்புகளை அழிக்கலாம், கடவுச்சொற்களைப் படிக்கலாம். ஆபத்தான பெயர்களைத் தேடித் தடுத்தால் போதும் என்று நம்பாதீர்கள், நிரல் ஓடும்போதே பெயரை வைத்து எதையும் தேடி அழைக்கும் ரிஃப்ளெக்‌ஷன் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். முடிவில்லாச் சுழலில் சிக்கிய இழையை (நிரலின் ஓட்டத்தை) வெளியிலிருந்து பாதுகாப்பாக நிறுத்தும் வசதியும் டாட் நெட் கோரில் இல்லை.

லுவா வேறு வகை. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த இந்தச் சிறிய மொழி, இன்னொரு மென்பொருளுக்குள் அமர்வதற்கென்றே வளர்க்கப்பட்டது. ரெடிஸ் தரவுத்தளம் 2012 முதல் பயனர் நிரலை இதில்தான் ஓட்டுகிறது. கோப்பு, இயங்குதள நூலகங்களைத் தராமல் விட்டால் நிரலுக்கு அவை இல்லவே இல்லை. இத்தனை கட்டளைக்கு ஒருமுறை கட்டுப்பாடு நம்மிடம் திரும்பும்படி வைத்து, நீளும் சுழலை வெட்டிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: முன்பே கம்பைல் செய்த பைட்கோடை (லுவாவின் இடைநிலை வடிவத்தை) ஏற்காதீர்கள், மூல உரையை மட்டும் வாங்குங்கள். தீய நோக்கில் செய்த பைட்கோடு லுவாவை இயக்கும் இன்டர்பிரெட்டரையே வீழ்த்தும்.

வெப்அசெம்பிளி, பல மொழிகளின் நிரலைக் கம்பைல் செய்து ஓட்டும் பொது வடிவம். அதன் தடுப்பு இன்னும் உறுதியானது. தனக்கென ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி நாம் தந்தது தவிர அது எதையும் தொட முடியாது. ஆனால் பயனரின் உரையை அந்த வடிவத்துக்கு மாற்ற ரஸ்ட், சி போன்ற மொழிகளின் கம்பைலரும் வேண்டும். முழுமையான செருகுநிரல்களைப் பிறர் தயாரித்துத் தரும் இடத்துக்குச் சரி; இரண்டு வரித் தள்ளுபடி விதிக்கு மிகை.

அந்த விதிக்கு என் தேர்வு லுவா. வாடிக்கையாளர்கள் சி ஷார்ப்தான் வேண்டும் என்றால், ரோஸ்லினைக் குறைந்த உரிமையுள்ள தனிச் செயல்முறையில், அதாவது இயங்குதளம் பிரித்து வைக்கும் தனி நிரலாக, ஓட்டுங்கள். நேரம் மீறினால் அந்தச் செயல்முறையையே நிறுத்திவிடலாம்.