‘அப்படியே பொருந்தும்’ என்று விற்ற ஐந்து அங்குல வீல்: பழைய மினி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்தில் பழைய மினி கார் வைத்திருக்கும் நம்மவர்கள் அலாய் வீல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மிட்லண்ட்ஸ் பகுதியில் பழைய கார்களுக்கென்றே கடை நடத்தும் ஒருவர், ஆர்ச் எக்ஸ்டென்ஷன் (அகலமான டயரை மூட மட்கார்டின் மேல் மாட்டும் கூடுதல் விளிம்பு) இல்லாத என் காருக்குப் பொருந்தாத வீலைப் பொருந்தும் என்று சொல்லி விற்றார். மாட்டிப் பார்த்து உரசுகிறது என்று தெரிந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பின்பக்க மட்கார்டுகளின் உள்விளிம்பை அறுத்துவிட்டார். பிறகு அந்த அறுப்பை மறைக்க எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதுவும் அவர் கடையிலேயே.

என்னுடையது 1978ஆம் ஆண்டு மினி 1000. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், 3.5 அங்குல அகல எஃகு ரிம், 145 டயர். 1959இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் மினி வெளிவந்தபோது பத்தடி நீளக் காருக்குள் நான்கு பேரை உட்காரவைப்பதே நோக்கமாக இருந்தது. அதற்காகத்தான் 10 அங்குலச் சக்கரம், இறுக்கமான மட்கார்டு. 1963இல் வந்த கூப்பர் எஸ் காருக்கே 3.5 அங்குல ரிம்தான் வழக்கமாக வந்தது, 4.5 வேண்டுமென்றால் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். இந்தக் காரின் மட்கார்டுக்குள் வீணான இடம் என்று எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்து அங்குல ரிம்மில் 165/70 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம்) போட வேண்டும் என்பது என் ஆசை. சாலைப்பிடிப்பு கூடும், டயரின் உயரமோ 145/80க்கு ஏறக்குறைய சமம் (486 மி.மீ.க்குப் பதில் 485), ஆகவே வேகமானி பொய் சொல்லாது. கடைக்கு எழுதிய மின்னஞ்சலில் டிரம் பிரேக் என்பதையும், எக்ஸ்டென்ஷன் இல்லை என்பதையும், காரின் உடலில் எந்த இடத்தையும் வெட்டவோ துளையிடவோ மாட்டேன் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டேன். ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமரும் என்ற அளவு, சுருக்கமாக இ.டி.) எவ்வளவு என்றும் கேட்டேன். ‘இ.டி. 14. அப்படியே பொருந்தும்’ என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த அளவை வைத்து என் காரில் கணக்குப் பார்த்தேன். டயர் மட்கார்டுக்குள் மயிரிழையில் அடங்க வேண்டும். பணம் கட்டி, டயர் மாட்டிச் சமன் செய்யும் வேலையையும் அவர்களிடமே கொடுத்தேன்.

கார் திரும்பி வந்தபோது முன் டயர்கள் மட்கார்டுக்கு வெளியே 18 மி.மீ. நீட்டிக்கொண்டு நின்றன. பின்பக்கம் குனிந்து பார்த்தால் உள்ளே மடிந்திருக்க வேண்டிய விளிம்பைக் காணோம். அறுத்த இடத்தில் வெறும் இரும்பு பளபளத்தது, அதையொட்டி வண்ணப்பூச்சு வெடித்திருந்தது. அந்த இடத்துக்கு ஒரு கை பிரைமர்கூட அடிக்கவில்லை. பின் இருக்கையில் ஆள் ஏறினால் உரசும் என்பதால் ‘சற்றே ஒதுக்கிவிட்டோம்’ என்றார் மெக்கானிக். இங்கிலாந்தின் மழையும் குளிர்காலத்துச் சாலை உப்பும் மினியின் மட்கார்டை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததா?

வீட்டில் வீலைக் கழற்றிப் பின்புறம் பார்த்தேன். வார்ப்பிலேயே இருந்தது: இ.டி. மைனஸ் 6.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வீலை மாட்டும் சக்கரக்குடத்தில்) அமரும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம், மில்லிமீட்டரில். எண் கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். 14க்கும் மைனஸ் 6க்கும் 20 மி.மீ. வித்தியாசம். மட்கார்டுக்கு வெளியே நீட்டிய அந்த 18 எங்கிருந்து வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன வீலிலும் கொடுத்த வீலிலும் அகலம் ஐந்தேதான். விளம்பரங்களோ அகலத்தைப் பெரிய எழுத்தில் போட்டு ஆஃப்செட்டைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

அகலத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஐந்து அங்குலம் என்பது டயரின் விளிம்பு அமரும் இரு இடங்களுக்கு இடைப்பட்ட உள் அளவு. டேப்பை வெளியே வைத்து அளந்தால் கிட்டத்தட்ட ஆறு வரும். பழைய வீல் வாங்குபவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 3.5இலிருந்து 5க்குப் போனால் கூடுவது 38 மி.மீ.; ஆஃப்செட் மாறாவிட்டால் உள்ளே 19, வெளியே 19. எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிடலாம் என்றால் முன்னால் சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மும் பின்னால் சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்மும் வழிமறிக்கும். ஆகவே எக்ஸ்டென்ஷன் இல்லாத மினிக்கு 4.5 அங்குலம் நிம்மதியான அளவு; 5 என்பது சரியான ஆஃப்செட் கிடைத்தால் மட்டுமே; 6 என்றால் எக்ஸ்டென்ஷனோடுதான்.

உங்கள் காரில் அளப்பது எளிது. சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து ஒரு தூக்குநூல் விடுங்கள். நூலுக்கும் ஹப் முகத்துக்கும் உள்ள தூரம்தான் உங்கள் வரம்பு. டயரின் முழு அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் வருவது அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். ஐந்து அங்குல ரிம்மில் 165/70 டயரின் முழு அகலம் சுமார் 170 மி.மீ., பாதி 85. இ.டி. 14 என்றால் 71. மைனஸ் 6 என்றால் 91. நான்கு மூலைகளையும் அளந்துகொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகளில் மட்கார்டு மாற்றாத மினி அபூர்வம், இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

புகார் சொன்னதும் கடைக்காரர் முதலில் என் காரைக் குறை சொன்னார்: டிஸ்க் பிரேக் போட்ட கார்களில் சக்கரம் வெளியே தள்ளி நிற்குமாம். உண்மைதான், 1984இல் 12 அங்குலச் சக்கரமும் 8.4 அங்குல டிஸ்க்கும் வந்தபோது தொழிற்சாலையே பிளாஸ்டிக் விளிம்பைப் பொருத்தித்தான் அனுப்பியது. ஆனால் என் காரில் டிஸ்க் இல்லை, அதை எழுதியும் கொடுத்திருந்தேன். அடுத்து, நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் உள்சாய்வு) தரும் கீழ் சஸ்பென்ஷன் ஆர்ம்களை விற்கப் பார்த்தார். சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும் என்பது சரி, ஆனால் ஒன்றரை டிகிரி சாய்வால் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும். 18ஐ அது விழுங்காது. கடைசியாக வந்தது எக்ஸ்டென்ஷன், மட்கார்டில் துளையிட்டு மாட்டுவது. பொருந்தாத வீலை விற்றால் இத்தனை துணைப் பொருள்களும் விற்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

‘டயர் மாட்டி ஓட்டிய வீலைத் திரும்ப எடுப்பதில்லை’ என்று கடையில் பலகை தொங்குகிறது. அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, எந்தப் பயன்பாட்டுக்கு என்று வாங்குபவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் பொருள் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். விவரித்தபடியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். ‘நீங்கள் சொன்ன இ.டி. 14 எங்கே?’ என்று வார்ப்பெண்ணின் படத்தோடு கேட்டேன். பதிலே வரவில்லை.

அதன்பின் கிரெடிட் கார்டு வங்கியிடம் போனேன். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு விற்றவரோடு வங்கியையும் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. ஒரு பொருளின் விலைதான் கணக்கு. என் ரசீதில் ‘நான்கு வீல் கொண்ட செட்’ என்று ஒரே வரியாக, ஒரே விலையாக இருந்தது கைகொடுத்தது. ஒவ்வொரு வீலாக, 100க்குக் குறைந்த விலையில் போட்டிருந்தால் வங்கி அதையே காரணம் காட்டி மறுத்திருக்கும்.

வீலுக்கான பணம் வந்துவிட்டது. அறுத்த விளிம்புக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஆகும் செலவையும் அதே பிரிவின் கீழ் கேட்டிருக்கிறேன். வங்கி வேறொரு பட்டறையின் எழுத்துபூர்வ மதிப்பீட்டைக் கேட்டது, அனுப்பியாயிற்று. கடையோ அறுத்தது என் சம்மதத்துடன்தான் என்று இப்போது கூறுகிறது. வெட்டக் கூடாது என்ற என் மின்னஞ்சலை வங்கிக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.