மோனோபிளாக்கா, கப்ளிங் பம்பா? சீல் மாற்றும் நாளை நினைத்து வாங்குங்கள்

மலேசியாவின் பிறை நகரிலுள்ள எங்கள் ஆலையில், சூடான தண்ணீரைக் காற்றில் குளிரவைக்கும் கூலிங் டவரின் தண்ணீரைச் சுற்றவிடும் பழைய பம்புகளை மாற்ற வேண்டி வந்தபோது ஆளுக்கு ஒரு பக்கம் நின்றோம். வாங்கும் பிரிவு, மோட்டாரும் பம்பும் ஒரே கட்டாக வரும் மோனோபிளாக் கேட்டது. பராமரிப்பில் இருக்கும் நாங்கள் தனி மோட்டாரோடு கப்ளிங் என்ற இணைப்பால் சேர்த்த நீளமான பம்பைக் கேட்டோம். எங்களுக்குத் தேவைப்பட்டது 22 கிலோவாட், நான்கு போல் மோட்டார், நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்று. அந்த அளவில் இரண்டு வகையும் கிடைக்கும். கடைசியில் கப்ளிங் பம்பையே வாங்கினோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மோனோபிளாக்கின் நல்ல பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் மோட்டார் ஷாஃப்டிலேயே உட்காருவதால் கப்ளிங் கிடையாது, இரண்டு ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட் வேலையும் கிடையாது. இடமும் குறைவு, விலையும் குறைவு. தண்ணீர் தள்ளுவதில் இரண்டும் ஒன்றே. அதே வால்யூட் (இம்பெல்லரைச் சுற்றிய கூடு), அதே இம்பெல்லர் என்றால் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் காட்டும் கர்வும் அதேதான். சக்‌ஷன் பக்க விதிகளும் மாறாது. தண்ணீர் உள்ளே வரும் அந்தப் பக்கத்தில், பம்பு வாய்க்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விட வேண்டும். கிடைமட்டக் குழாயில் குழாயின் அளவைக் குறைக்கும், ஒருபக்கச் சரிவுள்ள ரெட்யூசரின் தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே காற்று தங்கிவிடும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் தண்ணீர் வெளியேறும் பக்கத்து டிஸ்சார்ஜ் வால்வைத்தான் தொட வேண்டும். சக்‌ஷன் வால்வு முழுதாகத் திறந்தே இருக்கட்டும்.

இனி, ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலுக்கு வருவோம். கூலிங் டவர் தண்ணீர் சுத்தமான தண்ணீர் அல்ல. காற்றிலிருந்து அது தூசியையும் மணலையும் சதா வாரிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பும் அடர்ந்துகொண்டே போகிறது. அந்தத் தண்ணீரில் மெக்கானிக்கல் சீல் என்றைக்காவது தேயும், அதைத் தடுக்க முடியாது. உரசிக்கொள்ளும் இரண்டு முகங்களில் ஒன்று கார்பனாக இருப்பதற்குப் பதிலாக, இரண்டுமே கடினமான சிலிக்கான் கார்பைடாக உள்ள சீல் போட்டால் மணலை நன்றாகத் தாங்கும், ஆனால் அதுவும் ஒரு நாள் மாற்ற வேண்டியதுதான். அந்த நாளில் எத்தனை பேர் வேண்டும், எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதை வைத்துத்தான் நான் பம்பை எடைபோடுகிறேன்.

கப்ளிங் பம்பில் வேலை இப்படிப் போகும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, இரண்டு வால்வையும் மூடி, தண்ணீரை வடித்துவிட வேண்டும். கப்ளிங் நடுவிலிருக்கும் ஸ்பேசர் துண்டைக் கழற்றினால் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கை நுழைய இடம் கிடைக்கும். பேரிங் கூட்டின் காலையும் வால்யூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் கழற்றி, பின்பகுதியைத் தள்ளி வெளியேற்றும் ஜாக் போல்ட்டுகளைச் சமமாகத் திருகினால் இம்பெல்லரோடு பின்பகுதி முழுதும் வெளியே வந்துவிடும். குழாயைத் தொடுவதில்லை, மோட்டாரை நகர்த்துவதில்லை, ஒயரை அவிழ்ப்பதில்லை.

மோனோபிளாக்கிலும் பின்னால் இழுக்கலாம், ஆனால் மோட்டாரும் கூடவே வரும். 22 கிலோவாட் மோட்டாரைக் கையால் தூக்க முடியாது, சங்கிலியால் தூக்கும் செயின் பிளாக் மாட்டியாக வேண்டும். கேபிள் எட்டவில்லையென்றால் ஒயர் இணைக்கும் டெர்மினல் பெட்டியைத் திறக்கவும், மின்வேலைக்கு உரிமம் பெற்ற சார்ஜ்மேன் வர வேண்டும். பகல் ஷிஃப்டில் இது பெரிய விஷயமில்லை. சீனப் பெருநாள் ஷட்டவுனில், ஆள் பாதி ஊருக்குப் போயிருக்கும்போதுதான் அருமை தெரியும்.

இன்னொன்று, சீல் கசிந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மோனோபிளாக்கில் சீலுக்குப் பின்னால் இருப்பது மோட்டாரின் முன் பேரிங். நடுவே இருப்பது தண்ணீரை உதறும் சின்ன ரப்பர் வளையம் மட்டும்தான். எங்கள் பழைய பம்புகளில் ஒன்றின் மோட்டார் ஃபிளாஞ்சில் துருக்கோடு ஒன்று மெல்ல இறங்கியது. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கப்ளிங் பம்பில் அதே கசிவு பம்பின் சொந்தப் பேரிங் கூட்டுக்குத்தான் போகும். அங்கே ஆயில் கண்ணாடி இருக்கிறது. மட்டம் பாதிக்கு நிற்கிறதா, எண்ணெய் வெளுத்திருக்கிறதா என்று நடந்துபோகும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

மோட்டார் எரிந்துபோனாலும் வித்தியாசம் உண்டு. கப்ளிங் பம்பில் காலுள்ள சாதாரண மோட்டார். வேறு எந்திரத்திலிருந்துகூடக் கழற்றிப் போடலாம், பம்பே கழிவுக்குப் போனாலும் மோட்டார் இன்னொரு வேலைக்கு உதவும். மோனோபிளாக்கில் பல மாடல்களுக்கு நீட்டிய தனி ஷாஃப்ட் வேண்டும், கடையில் எடுத்தவுடன் கிடைக்காது.

கப்ளிங் பம்பு சும்மா வேலை செய்துவிடாது. பம்பு செய்பவர்கள் தங்கள் ஆலையிலிருந்து அலைன்மென்ட் பார்த்தே அனுப்புகிறோம் என்பார்கள். லாரியில் வந்து, காங்கிரீட்டில் இறுகியதும், பம்பும் மோட்டாரும் உட்காரும் பேஸ் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த அளவுகள் அதோடு சரி. முதலில் மட்டம் பார்த்து, பேஸுக்கு அடியில் சுருங்காத கிரௌட் (சிமென்ட் கலவை) ஊற்றி, அது காயும்வரை பொறுக்க வேண்டும். பிறகு மோட்டார் கால்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜில் பாருங்கள், 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால் அந்தக் காலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வேண்டும். குழாயை இழுத்துப் பிடித்து ஃபிளாஞ்சில் சேர்க்கவே கூடாது, போல்ட் கையால் தானாக நுழைய வேண்டும்.

“அண்ணே, ரெண்டு மில்லிதானே, போல்ட்டை இறுக்கினா வந்துடும்” என்று எங்கள் பையன் கேட்டான். டயல் கேஜைக் கப்ளிங்கில் வைத்துவிட்டு இறுக்கச் சொன்னேன். முள் நகர்ந்ததைப் பார்த்தவன் அவனே போல்ட்டைத் தளர்த்தி, குழாய்த் தாங்கியைச் சரிசெய்யப் போனான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கடைசி அலைன்மென்ட். பம்பு ஓடிச் சூடேறியதும் இன்னொருமுறை. 1450 சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர்வரை விலகலை விடுபவர்கள் உண்டு, நான் 0.05-இல் நிறுத்துவேன்.

டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் என் வாதத்தில் பாதி போய்விடும். கோணலாக ஓடும் கப்ளிங் பம்பைவிட ஒழுங்கான மோனோபிளாக் மேல். 7.5 கிலோவாட்டுக்குக் கீழே நானும் மோனோபிளாக்தான் போடுவேன். இரண்டு பேர் தூக்கிவிடலாம், கூடவே ஒரு ஸ்பேர் பம்பு வாங்கி வைத்துக்கொள்ளலாம். என் அனுபவம் முழுக்கத் தண்ணீர் பம்புகளில்தான். சூடான எண்ணெய், அமிலம் ஓட்டுபவர்கள் அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டு முடிவெடுங்கள்.

கப்ளிங் பம்பு என்று முடிவானால், ஆர்டரில் ஸ்பேசர் கப்ளிங் என்று எழுதி, ஸ்பேசரின் நீளத்தையும் கேட்டு வாங்குங்கள். விலை குறைக்க ஸ்பேசர் இல்லாத கப்ளிங்கை மாட்டித் தருவதுண்டு. அப்படி வந்தால் சீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் மோட்டாரை நகர்த்தி, அலைன்மென்ட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.