நியூயார்க்கின் நிகழ்த்துகை ஆய்வுப் படிப்பு: யாருக்கு ஏற்றது?

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளியிலுள்ள நிகழ்த்துகை ஆய்வுத் துறை நடிப்பு கற்றுத்தரும் இடமன்று; மனிதர்கள் பிறர்முன் நிகழ்த்துபவற்றை ஆராயும் இடம். அந்த எண்ணத்தோடு விண்ணப்பிப்பவர் ஏமாந்துபோவார். நாடகத்துக்கான பட்டமேற்படிப்புத் துறையாக இருந்தது 1980இல் இப்பெயரை ஏற்றது. இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர் மானிடவியலாளர் விக்டர் டர்னருடன் நிகழ்த்திய உரையாடல்களும், நாட்டாரியல் அறிஞர் பார்பரா கிர்ஷென்பிளாட் கிம்பிளெட்டின் தலைமையும் பாடப்பரப்பை மேடைக்கு அப்பால் சடங்கு, விளையாட்டு, அருங்காட்சியகம் வரை விரித்தன.

வாரணாசிக்கு எதிர்க்கரையிலுள்ள ராம்நகரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடக்கும் ராமலீலையை ஷெக்னர் ஆராய்ந்த விதம் இந்த அணுகுமுறைக்கு நல்ல சான்று. அங்கே பார்வையாளர்கள் ஓரிடத்தில் அமர்ந்திராமல், அயோத்தியாகக் கொள்ளப்படும் இடத்திலிருந்து இலங்கையாகக் கொள்ளப்படும் இடம் வரை நடிகர்களோடு ஊருக்குள் நடந்தே செல்வதால், அவர்களும் நிகழ்த்துபவர்களாகிவிடுகிறார்கள். (திரௌபதி அம்மன் கோயில் விழாவில், துரியோதனன் வீழ்வதை நிகழ்த்தும் படுகளத்தில் ஊரே திரண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.)

முதுகலைப் படிப்பு ஓராண்டில் முடிவது வசதிதான் என்றாலும், மானிடவியல், தத்துவம், பாலினக் கோட்பாடு என வெவ்வேறு துறை நூல்களைப் படித்துச் செரிக்க அக்காலம் போதாது என்பது என் கருத்து. உதவித்தொகை கிடைக்காதவர்களைக் கட்டணமும் மன்ஹாட்டன் வாடகையும் மலைக்க வைக்கும். கள ஆய்வில் நாட்டமுள்ள நாடகக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.