தகரத்தைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்து, அதன் பெட்ரோல் டாங்கிக்குப் புதுச் சாயம் அடிக்கக் கடையில் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்கள் தோட்டத்து ஆட்களின் வாயில் இன்னும் பழைய பெயர்தான். கடை எது என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. இந்த மாதிரிக் கடை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று நான் நம்பவும் இல்லை.

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ்இசட். மாமா ஓட்டியது, பிறகு என் கைக்கு வந்தது. இங்கே உற்பத்தி நின்று வருடங்கள் ஆகிவிட்டதால் நல்ல டாங்கி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் சறுக்கி விழுந்த அன்று, முட்டிச் சிராய்ப்பைவிட டாங்கியில் விழுந்த பள்ளம்தான் எனக்கு அதிகம் வலித்தது. ஹேண்டில் திரும்பி இடித்து, வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. சுற்றிலும் சாயம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

நானே உரித்துப் பூசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரும்புச் சாமான் கடையில் சாயம் உரிக்கும் மருந்து ஒரு டின் வாங்கி, மெல்லிய ரப்பர் கையுறையோடு ஆரம்பித்தேன். ஒரு சொட்டு கையுறைக்கு மேலே மணிக்கட்டில் தெறித்தது. மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். ஓடிப்போய்க் குழாயடியில் கையை வைத்தவன், டின்னை மூடிக் கொல்லையில் வைத்துவிட்டேன்.

டவுனில் மோட்டாருக்குச் சாயம் அடிக்கும் ஒருவர் இருக்கிறார். மாமாவுக்குத் தெரிந்தவர். டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முழுசா உரிச்சிடுவோம் தம்பி. துரு எல்லாம் எடுத்து, புட்டி போட்டு, ரெண்டு கோட்டு கிளியர். 380 வெள்ளி. ஒரு வாரம்."

புட்டி என்பது பள்ளத்தை நிரப்பும் பசை, கிளியர் என்பது பளபளப்புக்காக மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு. பணம் மொத்தத்தையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டேன். தெரிந்தவர் ஆயிற்றே. ரசீது கேட்கவும் கூச்சம். பேங்க் வழியாக அனுப்பியதுதான் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ஒரு வாரம் ஐந்து வாரமானது. ஒவ்வொரு முறையும் "மழை தம்பி, ஈரத்துல அடிச்சா சாயம் வெளுத்துப்போகும்" என்றார். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அடித்தால் மேலே பால் படிந்தது போல மங்கிவிடும்.

டாங்கி வந்தபோது முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டு வாழ்த்தெல்லாம் வாங்கினேன்.

மூன்றாவது வாரம் எண்ணெய் நிலையத்தில் மூடி ஓரமாகக் கொஞ்சம் பெட்ரோல் சிந்தியது. துணியால் துடைத்தேன். துணி சிவப்பானது. மறுநாள் பார்த்தால் மூடியைச் சுற்றிச் சாயம் பாலாடை மாதிரி சுருங்கியிருந்தது. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"எண்ணெயைச் சிந்தினா சாயம் போகத்தானே செய்யும்? நீ பார்த்து ஊத்தணும்."

எண்ணெய் டாங்கியில் எண்ணெய் படக்கூடாதாம்! சட்டியில் குழம்பு படக்கூடாது என்பது போல.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரண டப்பா ஸ்பிரேயில் வரும் கிளியர் காற்றில் காய்வது மட்டும்தான். பெட்ரோல் பட்டால் இளகிவிடும். டாங்கிக்கு வேண்டியது ஹார்டனர், அதாவது இறுக வைக்கும் மருந்து, கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர். அது வேதிமாற்றத்தால் இறுகுவதால் பெட்ரோலைத் தாங்கும், விலையும் அதிகம். என்னுடையதற்கு அடித்தது முதல் வகை.

அதோடு போயிருந்தால் இந்தப் பதிவு இருக்காது. ஒரு ராத்திரி வீட்டுக்குள் பெட்ரோல் வாடை. மோட்டார் நிற்கும் இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், டாங்கியின் அடியில் ஈரம்.

காலையில் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து டாங்கி மேல் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் கப்பென்று பிடித்தது. வலப்பக்கம், பள்ளம் இருந்த இடத்தில், வழுக்கிக் கீழே விழுந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். அரை விரல் கனத்துக்குப் புட்டி. அதற்கு அடியில் தகரமா இருந்தது? மாமா காலத்துக் கறுப்புச் சாயம், அப்படியே! உரிக்கவே இல்லை. மேலே லேசாகத் தேய்த்துப் புட்டியை அப்பியிருக்கிறார். அடித் தையலில் துரு அரித்த இரண்டு ஊசித்துளைகள், அதிலும் புட்டி. உள்ளே பெட்ரோல் நிற்கும் இடத்தில் அது எத்தனை நாள் பிடிக்கும்? கீழே கொதிக்கிற இயந்திரம்.

சாயம் சுருங்கியதை நான் மன்னித்திருப்பேன். ஓட்டையைப் புட்டியால் மறைத்ததை முடியாது.

ஆகவே, கொடுப்பதாக இருந்தால் பாதிப் பணம் மட்டும் கொடுங்கள். "சாயம் உரித்துத் தகரம் தெரியும்போது கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிற கடையில் டாங்கியை இறக்கவே வேண்டாம். தூரம் என்றால் படமாவது கேளுங்கள். எந்தக் கிளியர், ஹார்டனர் உண்டா இல்லையா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அசல் மூடியையும் எண்ணெய்க் குழாயையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நிறத்தை மாற்றச் சொன்னால் ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டியதும் உங்கள் வேலைதான், கடைக்காரர் நினைவுபடுத்த மாட்டார். திரும்ப வாங்கும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும், கீறாமல் இருக்கத் துணியில் சுற்றி.

நான் கொல்லையில் வைத்த டின்னை மறுபடி எடுத்தேன். இந்த முறை முழங்கை வரை வரும் தடித்த கையுறை, கண்ணாடி, வெட்டவெளி. முதலில் ஓட்டையை அடைக்க ரேடியேட்டர் கடைக்காரர் ஒருவரிடம் போனேன். சவர்க்காரத் தண்ணீரில் பலமுறை கழுவி, இரண்டு நாள் திறந்து வைத்திருந்த டாங்கி. அவர் வாயருகே மூக்கை வைத்துவிட்டு இன்னொரு முறை கழுவச் சொன்னார். நிரம்பிய டாங்கியைவிடக் காலி டாங்கிதான் ஆபத்தாம், உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும். பற்றவைப்பதை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

உரித்து முடித்த அன்று இன்னொரு பாடம். காலையில் வெள்ளியாக மின்னிய தகரத்தில் மாலைக்குள் பழுப்பு பூத்துவிட்டது. நம் ஊர்க் காற்று அப்படி. திரும்பத் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் என்ற அடிச்சாயம் அடித்தேன். பள்ளத்துக்குப் புட்டி நானும்தான் போட்டேன், ஆனால் வெறும் தகரத்தைக் கரகரப்பாகத் தேய்த்துவிட்டு, மெல்லிசாக.

பணத்துக்கு வருகிறேன். பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று ஒன்று இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லாத எனக்குப் பேங்க் பதிவும், "டாங்கி ரெடி தம்பி" என்ற சாயக் கடைக்காரருடைய வாட்ஸ்அப் செய்தியும், சுரண்டிய இடத்தின் படங்களும் இருந்தன. புகார் பாரத்தை நிரப்பி, தீர்ப்பாயத்தில் கொடுப்பதற்கு முன்னால் அவர் மேசையில் வைத்தேன்.

நெடுநேரம் படித்தார். "நம்ம ஆளுங்க மேலயே இப்படி எழுதுவியா தம்பி?" என்றார்.

"நம்ம ஆளுன்னுதான்ணே முழுக் காசையும் முன்னாடியே கொடுத்தேன்."

200 வெள்ளி திருப்பிக் கொடுத்தார். மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாரம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. அந்த 200-இல் இரண்டு பாகக் கிளியரும், அதை அடிக்கும்போது போட வேண்டிய வடிகட்டி வைத்த முகமூடியும் வாங்கிவிட்டேன். காகித முகமூடி அதற்கு உதவாது. மழை விடட்டும் என்று காத்திருக்கிறேன்.