தருமபுரி மாவு மில்லின் ராகி மாவும் சத்துமாவும்: பால் ஒவ்வாத குழந்தைக்கு எது உதவும்?

தருமபுரி நகரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மாவு மில்லில் குழந்தைகளுக்கென்று இரண்டு மாவுகள் விற்கிறார்கள். ஒன்று, முளைகட்டிய ராகியை மட்டும் வறுத்து அரைத்தது. மற்றொன்று, 18 பொருள்கள் சேர்த்த சத்துமாவு. ஒன்றரை வயதிலிருந்தே விட்டுவிட்டு வயிற்றுப்போக்கும் உப்புசமும் இருந்த எங்கள் மகனுக்குப் பசும்பாலின் புரதம் ஒவ்வாமல் இருக்கலாம் என்று சந்தேகித்த மருத்துவர், பாலையும் பால் சேர்ந்த பண்டங்களையும் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அப்படி ஒரு நிலையில் உள்ள குழந்தையின் கண்கொண்டுதான் இரண்டையும் எடைபோடுகிறேன்.

ராகி மாவு நன்றாக இருக்கிறது. துணியில் சலித்தது போல நைசாக வருவதால் கூழில் திப்பி தட்டுவதில்லை. வறுத்த மணம் இருக்கிறது, கருகல் வாடை இல்லை. களி தின்று வளர்ந்த இந்த மாவட்டத்தில் ராகியைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டத்தை 2023இல் நீலகிரியோடு தருமபுரியில்தான் தொடங்கினார்கள். ஆனால் கடையில் தொங்கும் அட்டை, பாலுக்கு ஈடான கால்சியம் இதில் இருப்பதாகச் சொல்வதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு வேளைக் கூழுக்கு 20 கிராம் மாவுதான் போகும். அதில் கிடைப்பது 70 மில்லிகிராம். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ராகியில் உள்ள ஃபைட்டேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கை உடலில் சேரவிடாது. முளைகட்டினால் அது குறையும், முழுவதும் போய்விடாது. ஆகவே பாலை நிறுத்திய குழந்தைக்குக் கால்சியத்தையும் புரதத்தையும் வேறு எதன் வழியாக ஈடுசெய்வது என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் இந்த மாவு எதற்கு உதவியது? அதில் ராகி ஒன்றுதான் இருக்கிறது, அதற்குத்தான். ராகிக் கூழைத் தண்ணீரில் காய்ச்சி, அது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு, அதன் மேல் பாசிப்பருப்பு, வாழைப்பழம், முட்டை என ஒவ்வொன்றாகச் சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்துக் கவனிக்க முடிந்தது. மகனுக்கு வயிறு சரியானதற்கு ராகியைக் காரணம் காட்டினால் அது நியாயமாகாது. பாலை நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு அடங்கியது. மருத்துவர் சொன்னபடி மறுபடி கொஞ்சம் பால் கொடுத்ததும் திரும்பியது. இந்த வகை ஒவ்வாமை எல்லாவற்றையும் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது என்பதால், நிறுத்திப் பார்த்துத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழியாக இருக்கிறது.

சத்துமாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட்டபோது கடைக்காரர் மறைக்காமல் சொன்ன பட்டியலில் சம்பா கோதுமை, சோயா, நிலக்கடலை, முந்திரி, பாதாம், எள் எல்லாம் இருந்தன. குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரக்கூடியவை என்று பெயரெடுத்த பொருள்களில் பாதிக்கு மேல் ஒரே பாக்கெட்டில் வந்துவிடுகின்றன. இதைக் குடித்த பிறகு உடம்பில் தடிப்பு வந்தால் எதைக் குற்றம் சொல்வது? நல்ல செரிமானம் உள்ள குழந்தைக்கு இது சத்தான மாவாக இருக்கலாம். கடலை, முட்டை போன்றவற்றைப் பயந்து ஒரேயடியாக ஒதுக்கவும் தேவையில்லை. தனித்தனியாக அறிமுகப்படுத்தினால் போதும். அதைவிடப் பெரிய குறை பாக்கெட்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டு. அதில் ‘தானியங்கள், பருப்புகள், கொட்டைகள்’ என்று மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். கோதுமை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, பால் போன்றவை இருந்தால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறை.

இரண்டு மாவையும் ஒரே மிஷினில்தான் அரைக்கிறார்கள். அதனால் சத்துமாவின் மிச்சம் ராகியில் கலக்கலாம். அதைக் கேட்டபோது மில்காரர், “காலையில கடை திறந்ததும் வாங்க, முதல்ல அரிசிய ஓட்டிட்டு உங்க ராகியப் போட்டுத் தர்றேங்க” என்றார். சொன்னபடி செய்தும் கொடுத்தார். கூடுதலாகக் காசு கேட்கவில்லை. வயிற்றோடு நிற்கும் தொந்தரவுக்கு எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் கடலையோ முந்திரியோ தின்று உதடு வீங்கிய, மூச்சிரைத்த குழந்தை உள்ள வீட்டார் இந்த ஏற்பாட்டை நம்பி இருக்கக் கூடாது. அவர்கள் ராகியை முழுத் தானியமாக வாங்கி, கல் பொறுக்கிக் கழுவி, முளைகட்டிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்வதே நல்லது. மலத்தில் இரத்தம், எடை ஏறாமை, ஓயாத வாந்தி ஆகியவை இருந்தால் மாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ராகி மாவின் விலை சத்துமாவை விடக் குறைவு. பாக்கெட்டில் அரைத்த தேதி இல்லாததால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அரைகிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம்.