எம்பி3 ஸ்டிக்கரை நம்பி சீடி பிளேயர் வாங்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கையில் கொண்டு போகக்கூடிய சீடி பிளேயர் வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக வயதான அப்பா அம்மாவுக்கு எம்பி3 சீடி போட்டுக் கேட்க வாங்குகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைக்காரர் தன்னிடமுள்ள சீடியைப் போட்டுக் காட்டினால் போதாது. உங்கள் சீடி அதில் பாட வேண்டும், அதுவும் உங்கள் கண் முன்னால். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்க வேண்டாம். எங்களிடம் 16,500 ரூபாவுக்கு ஒரு பிளேயரை விற்று, அதற்கு மேலும் பணம் வாங்கிக்கொண்டு, கடைசியில் “உங்கள் சீடிதான் பிழை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தத்தால் பார்வை மங்கிவிட்டது. டச் போன் அவருக்குச் சரிவராது. விரலுக்குத் தட்டுப்படுகிற பொத்தான் வேண்டும். இள வயதில் தோட்டத்துக் காமன் கூத்தில் பாடியவர். மாசி மாதம் விடிய விடிய நடந்த கூத்துகளை லயத்துப் பையன்கள் பதிவு செய்து, டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து எம்பி3 சீடிகளாக ரைட் பண்ணி வைத்திருந்தார்கள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், கோயில் பஜனை எல்லாம் அப்படியே சீடிகளாக வீட்டில் இருக்கின்றன. உறையில் ஒட்டிய டேப்பைத் தடவிப் பார்த்தே எது எந்தச் சீடி என்று அப்பா எடுத்துவிடுவார். வீட்டிலிருந்த பழைய செட் பழுதாகிப் போனதால்தான் சின்னதாக ஒன்று வாங்கப் போனோம்.

“பென் டிரைவ் போடுகிற ரேடியோ மலிவாகக் கிடைக்குமே, இந்தக் காலத்தில் எதற்கு சீடி?” என்று சிலர் கேட்பீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்று நானும் சொல்வேன். ஆனால் கைநிறையச் சீடிகளை வைத்துக்கொண்டு, தடவித் தடவி அவற்றை அடையாளம் தெரிந்து வைத்திருக்கிற ஒரு மனிதரிடம் போய், எல்லாம் இந்தக் குச்சிக்குள் இருக்கிறது என்று சொல்வது நியாயமில்லை.

கடை ஹட்டன் நகரில். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. உள்ளே நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே, “எம்பி3 சீடி பாடுமா அண்ணே?” என்பதுதான்.

“எல்லாச் சீடியும் பாடும் தம்பி. பெட்டியிலயே போட்டிருக்கு, பாருங்க.”

பெட்டியின் மூலையில் எம்பி3 என்று பளபளப்பான ஸ்டிக்கர் இருந்தது. அப்பாவின் சீடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, போட்டுப் பார்க்கலாமா என்றேன். “வெளிச் சீடி போட்டா லென்ஸ் கீறிடும் தம்பி, அப்புறம் வொரன்டி இல்லாமப் போயிடும். இந்தாங்க நம்ம சீடி, இதுவும் எம்பி3தான்” என்று ஒன்றைப் போட்டார். திரையில் 14 என்று வந்தது. பாட்டும் நன்றாகத்தான் கேட்டது. பில் போட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கூத்துச் சீடியைப் போட்டால் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்றது. அடுத்த சீடியும் அப்படியே. எந்த எம்பி3 சீடியும் பாடவில்லை. கடையில் வாங்கிய சாதாரணப் பாட்டுச் சீடி ஒன்று மட்டும் பாடியது.

திரும்பக் கொண்டு போனபோது காரணம் மேல் காரணமாக வந்தது. முதலில், “உங்க பக்கம் பனி அதிகம், லென்ஸ் ஈரமாகியிருக்கும், வெயிலில் வைத்து எடுங்க” என்றார்கள். அப்புறம் சீடி பழையது என்று சொல்லி, புதுச் சீடி ஒன்றை அவர்களே விற்று, அவர்களே அதில் ரைட் பண்ணிக் கொடுத்தார்கள். அதுவும் பாடவில்லை. கடைசியில் “சாஃப்ட்வேர் போடணும்” என்று 1,500 ரூபா வாங்கி, பிளேயரை வைத்துக்கொண்டு சில நாள் கழித்துத் தந்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், தம்பி என்ற அழைப்பு போய், விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருந்த வரியை விரலால் காட்டினார்கள்.

தலவாக்கலையில் ரேடியோ திருத்துகிற ஒரு வயதான மாமா இருக்கிறார். அவரிடம் கொண்டு போன பிறகுதான் விஷயமே புரிந்தது. பெட்டியிலிருந்த எம்பி3 ஸ்டிக்கரை அவர் நகத்தால் சுரண்டி எடுத்தார். அதற்குக் கீழே கம்பெனி அச்சடித்திருந்தது ‘காம்பேக்ட் டிஸ்க் டிஜிட்டல் ஆடியோ’ என்கிற அடையாளமும், பக்கத்தில் ‘சீடி-ஆர்/ஆர்டபிள்யூ’ என்பதும் மட்டும்தான். பிளேயரின் மூடியிலும் அவ்வளவுதான். எம்பி3 என்பது கம்பெனி போட்டதே இல்லை.

இந்த ‘சீடி-ஆர்/ஆர்டபிள்யூ’ என்ற எழுத்தைக் காட்டித்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். வீட்டில் ரைட் பண்ணிய சீடியைப் பாடும் என்பதால் எம்பி3யும் பாடும் என்று சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த எழுத்து சொல்வது, ரைட் பண்ணிய சீடியிலிருந்து வரும் மங்கலான ஒளியை லென்ஸ் பிடித்துக்கொள்ளும் என்பதை மட்டும். சாதாரண சீடி தன்மேல் விழும் லேசர் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ சீடி அனுப்புவது 15 முதல் 25 சதவீதம்தான். பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் திணறும், அதனால் அப்படி ஓர் அறிவிப்பு. சீடிக்குள் என்ன வடிவத்தில் பாட்டு இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆடியோ சீடியில் ஒலி சுருக்கப்படாமல் அப்படியே இருக்கும். வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எழுதுகிறார்கள். இடது, வலது இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து வினாடிக்கு 1,411 கிலோபிட். அதனால்தான் ஒரு சீடியில் 80 நிமிடத்துக்கு மேல் வராது. அதே ஒலியை 128 கிலோபிட் எம்பி3 ஆகச் சுருக்கினால் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். 700 மெகாபைட் சீடியில் சுமார் 12 மணி நேரம் அடங்கும். விடிய விடிய நடக்கிற காமன் கூத்து ஒரே சீடியில் அடங்குவது இப்படித்தான். ஆனால் அது பாட்டுச் சீடி இல்லை, கணினி ஃபைல்கள் இருக்கிற சீடி. அந்த ஃபைல் அடுக்கைப் படித்து, சுருக்கியதை விரித்துத் தர பிளேயருக்குள் அதற்கென்று ஒரு சிப் வேண்டும். 1984இல் சோனியின் டி-50 வந்த காலம் முதல் கையடக்கப் பிளேயர்கள் எல்லாம் ஆடியோ சீடிக்கு மட்டும்தான் இருந்தன. பிலிப்ஸின் எக்ஸ்பேனியம் 2000இல் வந்த பிறகுதான் எம்பி3 சீடியும் பாடுகிற பிளேயர்கள் பரவின. இன்றைக்கும் இரண்டு வகையும் விற்பனையில் உண்டு. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சிப் இல்லாத பிளேயருக்கு எந்த சாஃப்ட்வேர் போட்டும் பயனில்லை. 1,500 ரூபா வாங்கியவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

பனிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் அது எளிதாக எடுபடும். குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டு வந்தால் லென்ஸில் ஈரம் படிவது உண்மைதான். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் போல வைத்தால் சரியாகிவிடும். ஆனால் லென்ஸ் ஈரமானால் எந்தச் சீடியும் பாடாது. ஆடியோ சீடி பாடி, எம்பி3 சீடி மட்டும் பாடவில்லை என்றால் குற்றம் பனியிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. வெளிச் சீடி போட்டால் லென்ஸ் கீறும் என்பதும் பொய். லேசர் லென்ஸ் சீடியைத் தொடுவதே இல்லை. சீடி பழுது என்று சொன்னால், அதே சீடியைக் கடையிலிருக்கிற கணினியிலோ டீவீடி பிளேயரிலோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்பாவின் சீடிகள் பக்கத்து வீட்டு டீவீடி பிளேயரில் ஒரு தடங்கலும் இல்லாமல் பாடுகின்றன.

கடைக்காரர் போட்டுக் காட்டும்போது திரையைக் கவனியுங்கள். ஆடியோ சீடியில் 99 பாட்டுக்கு மேல் வரவே முடியாது. பெரும்பாலும் பத்து, பதினைந்துதான் இருக்கும். எங்களுக்குக் கடையில் காட்டிய 14உம் அப்படித்தான். எம்பி3 சீடி போட்டால் பல பிளேயர்களில் ஃபோல்டர் எண்ணோ எம்பி3 என்ற எழுத்தோ தெரியும். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், பிளேயரின் உடம்பிலேயே எம்பி3 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணைப் போனில் தேடிக் கம்பெனியின் விபரத்தையும் பார்த்துவிடுங்கள்.

எம்பி3 பாடுகிற பிளேயரிலும் எல்லாம் ஒன்றல்ல. வயதானவர்களுக்கு என்றால் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆறு மணி நேரக் கூத்தில் பாதியில் நிறுத்தி, மறுநாள் போட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? கடையிலேயே பாட விட்டு, நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள். பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு அதிர்வுத் தாங்கல் முக்கியம். முன்கூட்டியே படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி அது. எம்பி3 சுருங்கியிருப்பதால் அதே நினைவகத்தில் ஆடியோ சீடியைவிட அதிக வினாடி தாங்கும். திரையில் தமிழ் எழுத்து பெரும்பாலும் வராது, கேள்விக்குறிதான் வரும். ஃபைல் பெயருக்கு முன்னால் 001, 002 என்று போட்டு ரைட் பண்ணினால் வரிசை குழம்பாது.

சீடி ரைட் பண்ணுகிறவரிடமும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். கடைசியில் சீடியை மூடிவிட, அதாவது ஃபைனலைஸ் பண்ணச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்தது அனேகமாக எம்4ஏ என்ற வேறு ஃபைல் வகையாக இருக்கும், வட்ஸ்அப் குரல் பதிவு வேறொரு வகை. பெயரை மட்டும் மாற்றாமல் முறையாக எம்பி3 ஆக்கித்தான் போட வேண்டும். இடம் அதிகம் என்று டீவீடியில் போட்டுத் தந்தால் சீடி பிளேயர் அதைப் படிக்காது, இரண்டுக்கும் லேசரே வேறு.

கண்டியிலுள்ள சித்தப்பா இந்த விபரங்களை எல்லாம் கேட்டுக்கொண்டு, அப்பாவின் சீடியைக் கையோடு கொண்டு போய், பாவித்த பிளேயர் ஒன்றைப் போட்டுப் பார்த்து வாங்கி அனுப்பினார். பென்டோர்ச் பேட்டரி இரண்டில் ஓடுகிறது, நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்குகிறது.

ஹட்டன் கடையை நாங்கள் விடவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளில் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி விற்பது குற்றம். முறைப்பாடு பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். அதனால், நாளைக்கு வா, அடுத்த கிழமை வா என்று கடைக்காரர் இழுத்தடித்தால் நாட்களை எண்ணிக்கொண்டே இருங்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பில் கேட்டு வாங்குங்கள், அதில் மாடல் எண்ணோடு ‘எம்பி3 சீடி பாடும்’ என்று கடைக்காரர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் அந்த மாமா தன் போனில் எடுத்து வைத்த படங்களைத்தான் முறைப்பாட்டோடு இணைத்திருக்கிறோம்.